நால்வருக்கு ஒரு மேசை

செவ்வாய் இரவு. பாத்திரம் கழுவியாயிற்று.
சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி,
கணக்கெழுத மின்கட்டண உறையின் முதுகு.
செந்தோசாவில் இரண்டு இரவு, மூன்று பகல்:
எத்தனை வேளைக்கு இடம் பதிவது?

பன்னீர் ஏழு என்கிறார்.
ஏழு வேளை, ஏழு உணவகம்,
தலைக்குப் பத்து வெள்ளி முன்பணம்,
போகாவிட்டால் திரும்பாத வெள்ளி.
"ஜூன் விடுமுறைக் கூட்டம் உனக்குத் தெரியாது."
பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில்
எந்தப் பெட்டி எதன்மேல் என்று திட்டம் போடுகிறவர்.
புட்டு அவிப்பதற்குக்கூட அட்டவணை கேட்பார்.

நான் பூஜ்யம் என்கிறேன்.
பசிக்கு நேரம் குறிப்பார்களா?
என்ன, முகூர்த்தமா?

இந்த ஊரில் இடம் பிடிக்க
ஒரு டிஷ்யூ பொட்டலம் போதும் என்று வளர்ந்தவள் நான்.
உணவங்காடி மேசையில் அதை வைத்துவிட்டு
வரிசைக்குப் போய்விடலாம்.
கொதிக்கும் சூப்போடு நிற்கிறவனும்
அதைப் பார்த்தால் அடுத்த மேசை தேடுவான்.
நாற்பது காசு.
முன்பணம் கிடையாது, நினைவூட்டல் கிடையாது,
மூக்கும் துடைத்துக்கொள்ளலாம்.

"சிறப்புத் தேவைகள்" என்றொரு கட்டம்.
நிலானி மார்ச்சிலிருந்து இறைச்சி தொடுவதில்லை,
முட்டை உண்டு, ஆனால் முட்டை தெரியக்கூடாது.
அகரனுக்குச் சோற்றின்மேல் குழம்பு படக்கூடாது,
பக்கத்தில் இருக்கலாம், எல்லை தாண்டக்கூடாது.
நூறு எழுத்துக்குமேல் ஏற்கவில்லை கட்டம்.
நூறு எழுத்தில் அடங்குகிற பிள்ளைகளா நான் பெற்றவை?
அழித்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று தட்டினேன்.

ஏழு ஐந்தானது.
ஐந்து மூன்றாக ஒரு மணி நேரம்.
தேக்காவில் வெண்டைக்காய்க்குக்கூட
இவ்வளவு பேரம் பேசியதில்லை.
இரண்டில் நின்றபோது
திரையைப் பார்த்தபடியே அவர் சொன்னார்:
"மூன்று நாளைக்கு உன்னிடம் யாரும்
'சாப்பிட என்ன இருக்கு' என்று கேட்கக்கூடாது.
அதுக்குத்தான் ஏழு."

சற்று நேரம் குளிர்பதனப் பெட்டிதான் பேசியது.

சரி, ஆனால் ஏழு தடவையும்
ஈர உடை மாற்றி, செருப்புத் தேடி,
நேரத்துக்கு இவர்களைக் கிளப்பப் போகிறவள் யார்
என்று கேட்டேன்.
அதற்கு அவரிடம் அட்டவணை இல்லை.
இரண்டு. முதல் நாள் இரவு, கடைசி நாள் பகல்.
உறையின் முதுகில் வட்டம் போட்டுப் படுக்கப் போனோம்.

முதல் நாள் இரவு என்பது இப்படி இருந்தது:
ஐந்தே முக்காலுக்கு மின்னல் எச்சரிக்கை,
நீல உருள்வண்டி நின்றது.
மழை விட்டபின் பலகையில் எழுபது நிமிடம்.
அகரன் அசையவில்லை. நாங்களும்.
ஏழே காலுக்குக் கடல் பார்த்த மேசை.
ஏழு பத்துக்கு எங்களுக்கு முன்னால் ஆறே பேர்.
கைப்பேசி அதிர்ந்தது:
உங்கள் மேசை தயார், பதினைந்து நிமிடம் காத்திருப்போம்.

பன்னீர் என்னைப் பார்த்தார்.
நாற்பது வெள்ளியை இருவரும் மனதில் வகுத்தோம்,
தலைக்குப் பத்து, நியாயமான கணக்குதான்.
நிலானி "அப்பா, போகலாமா?" என்றாள்,
வரிசையையா, உணவகத்தையா,
எதைச் சொன்னாள் என்று இன்றுவரை தெரியாது.
அவர் கைப்பேசியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டு
அகரனின் தோளைப் பிடித்து முன்னே நகர்த்தினார்.

முதல் இறக்கத்தில் அவர் கத்திய கத்தல்
பதினாறு வருடத்தில் நான் கேட்காதது.

ஒன்பதரைக்கு ரயில் நிலையத்துக்குக் கீழே
இரண்டு மேசை போட்ட நூடுல்ஸ் கடை.
ஈர நாற்காலியைத் துடைத்து
என் பொட்டலத்தை அதன்மேல் வைத்தேன்.
தட்டோடு வந்தவர்
கொஞ்சம் நின்று பார்த்தார்,
பொட்டலத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்தார்.

ஞாயிறு பகல் ஒன்றரைக்கு இன்னொரு மேசை இருக்கிறது.
அதைப் பற்றி யாரும் பேசவில்லை.
அகரன் நூடுல்ஸிலிருந்து குழம்பை
ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தான்.